தார்க்குழி

அந்தக் கணினிப் பெட்டி நிற்காமல் ஓட ஆரம்பித்து அன்றோடு நானூற்றுப் பதினேழு நாள். வாசல் கதவுக்குப் பின்னால், செருப்பு அலமாரியின் மேல், ஒரு தடித்த புத்தகத்தின் அளவில் உட்கார்ந்திருந்தது. மேலே முள் மீன் ஒன்று ஊதிப் பெருத்தபடி ஒட்டுப்படமாக இருந்தது. அண்ணன் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் கைபேசியில் ஒரு வரியைத் தட்டுவான். வரும் எண்ணை வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லுவான்.

“நானூத்திப் பதினேழு. ஒரு தடவை கூடத் தும்மல.”

“உங்க அம்மாவுக்கு இருமல் வந்து நாலு நாளாச்சு. அதையும் கொஞ்சம் எண்ணுங்க,” என்றாள் அண்ணி.

பெட்டியில் ஓடுவது ஓப்பன்பிஎஸ்டி. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து, பிரித்துப் பார்த்து, போட்டுக்கொள்ளக்கூடிய இயங்குதளம். பெயரைச் சொன்னால் கணினிக்காரர்களிலேயே பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். அண்ணன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்தான். அலுவலகத்தின் இணைய வாசலில் இதைத்தான் வைக்க வேண்டும் என்று படம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஒருமுறை விளக்கினான். மேலதிகாரி அதன் சின்னமான முள் மீனைப் பார்த்துவிட்டு, “மீனையெல்லாம் வீட்டுல வளர்த்துக்கங்க சார்,” என்றார். அதோடு கூட்டம் முடிந்தது. அண்ணன் மீனை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

வீட்டில் அவனை மறுத்துப் பேச ஆளில்லை. அம்மாவின் தையல் அளவுகளைப் போட்டு வைக்கிற நிரல் மிகப் பழையது. புதுக் கணினிகள் எதிலும் அது திறக்கவில்லை. அண்ணன் ஒரு ஓட்டைக் கணினியில் ஃப்ரீடாஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு அதை ஓடவைத்தான். அம்மா கீழே விழுந்து படுக்கையாகும் வரை அதில்தான் வேலை பார்த்தாள். குப்பைக்குப் போகவிருந்த ஒரு மடிக்கணினியில் ஹைக்கூ என்ற இன்னொன்றைப் போட்டுத் தங்கைக்குக் கொடுத்தான். பொத்தானை அழுத்திவிட்டுத் தலைமுடியை முடிந்து கொள்வதற்குள் அது தயாராக நிற்கும். தங்கைக்கு அது பிடித்திருந்தது. அண்ணன் கொடுத்தவற்றில் கூச்சமில்லாமல் அவள் பயன்படுத்திய பொருள் அது ஒன்றுதான்.

எல்லோருடைய மெயிலும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வந்தது. ஓசியில் மெயில் கொடுக்கிறவன் நம்மையே விற்றுவிடுவான் என்று சொல்லி, வீட்டுக்கென்று ஒரு முகவரி வாங்கி, எல்லோரையும் அதற்கு மாற்றியிருந்தான். அன்றைக்கே ஒரு வாக்கும் கொடுத்தான்.

“உங்க மெயிலை நான் படிக்க மாட்டேன். அழிக்க மாட்டேன். வேண்டாம்னு திருப்பி அனுப்ப மாட்டேன். இந்த மூணும் நான் பண்ணினா என்னைச் செருப்பால அடிங்க.”

அந்த மூன்றில் ஒன்றையும் அவன் செய்யவில்லை.

தங்கைக்கு இருபத்துநாலு வயது. வேதியியல் படித்தவள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளி பெயர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றாள் என்பதற்காக அண்ணன் அவளை வாயில்லாப்பூச்சி என்றான். பிறகு அது சுருங்கிப் பூச்சி ஆனது. அண்ணி வந்த முதல் வாரத்திலேயே அவளும் அப்படியே கூப்பிட்டாள். அம்மா மட்டும் கண்ணு என்பாள்.

அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தானாகப் புரண்டு படுக்கவும் முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் தோல் சிவக்கும்; சிவந்தது புண்ணாகும். தங்கை பார்த்துக்கொண்டதில் அம்மாவுக்கு ஒரு புண்கூட வந்ததில்லை. பரிசோதிக்க வருகிற மருத்துவர், “ஆஸ்பத்திரியில கூட இப்படிப் பாத்துக்க மாட்டாங்க,” என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். அதைக் கேட்கும்போதெல்லாம் அண்ணி அண்ணனைப் பார்ப்பாள். அண்ணன் தரையைப் பார்ப்பான்.

அப்படி இருக்கும்போதுதான் தங்கை ஒரு தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்துக்கு விண்ணப்பித்தாள். ஆய்வகம் வேறு நகரத்தில் இருந்தது. ரயிலில் ஆறு மணி நேரம். நேர்காணலுக்கு வரச்சொல்லி மெயில் வந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள அண்ணி முணுமுணுத்துக்கொண்டே தன் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தாள். நேர்காணலில் ஒரு பெண் விஞ்ஞானி, தண்ணீரில் ஈயம் எவ்வளவு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டார். தங்கை மேசையைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள்.

“இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசணும்,” என்றார் அவர். “ஆனா சொன்னது எல்லாம் சரி. ஒரு வாரத்துல மெயில் வரும். பத்து நாளுக்குள்ள சம்மதம்னு பதில் போட்டுடணும். இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்.”

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மாதான் முதலில் பேசினாள். எல்லோரும் கேட்கத்தான் பேசினாள்.

“போயிடு கண்ணு. நான் படுத்துக் கிடக்கிறவ. எங்கூட நீ ஏன் படுத்துக் கிடக்கணும்?”

அன்றிரவு தங்கை அம்மாவின் காலுக்கு எண்ணெய் தடவும்போது அழுதாள். அந்தக் காலுக்கு எண்ணெயின் சூடு தெரியாது. அதில் விழுந்த கண்ணீரும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் அலுவலக நண்பன் வந்தான். கேபிள் இழுக்கும் வேலையில் சேர்ந்து மேலே வந்தவன் என்பதால் எல்லோருக்கும் அவன் கேபிள்தான். பெட்டியைப் பார்க்கத்தான் வந்திருந்தான். அண்ணன் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, கடை திறந்தவன் மாதிரி உட்கார்ந்தான்.

“ஏன்டா, குப்பை மெயில் வந்தா தூக்கி எறிய வேண்டியதுதானே? அதுக்கு எதுக்கு இவ்வளவு கூத்து?” என்றான் கேபிள்.

“எறிஞ்சா என்ன ஆகும்? அடுத்த நொடியே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போயிடுவான். நம்ம மீன் அப்படிப் பண்ணாது. கதவைத் திறக்கும். வாங்கன்னு சொல்லும். ஆனா எப்படிச் சொல்லும் தெரியுமா? வா… ஒரு நொடி. ங்… ஒரு நொடி. க… ஒரு நொடி.”

கேபிள் சிரிக்க ஆரம்பித்தான்.

“இப்படியே வாசல்ல நிக்க வெச்சு, கடைசியில, இப்ப முடியாது, அப்புறம் வாங்கன்னு அனுப்பும். அவனும் வருவான். திரும்ப வா… ங்… க.”

“எத்தனை நாளைக்குடா?”

“அவன் பொறுமை எத்தனை நாளைக்கோ அத்தனை நாளைக்கு. நாலஞ்சு நாள்ல அவனே வெறுத்துப் போயிடுவான். இதுக்குப் பேரே தார்க்குழி. முதல் தடவை வர்ற புது ஆளைக் கொஞ்ச நேரம் காக்க வெச்சு உள்ள விட்டுடும், அது வேற. ஆனா நாம கையால பேரை எழுதிப் போட்டவன் உள்ள வரவே முடியாது. நல்லாக் கவனி, நாம அவனை வேண்டாம்னு சொல்லவே இல்ல.”

திரையில் யாரோ ஒருவன் முப்பத்தெட்டு நிமிடமாக மாட்டிக்கொண்டு நின்றான். இருவரும் அவனைப் பார்த்து ரசித்தார்கள்.

“நம்ம மேனேஜர் சம்பள உயர்வுக்கு இப்படித்தான்டா பதில் சொல்றான்,” என்றான் கேபிள்.

“அதனாலதான் நான் இதுக்குச் சின்ன மாமியார்னு பேர் வெச்சிருக்கேன்,” என்றாள் அண்ணி. “இல்லைன்னு ஒரு வார்த்தை வாயில வராது. ஆனா ஒண்ணும் நடக்காது.”

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “காலுதான் போச்சு. காது நல்லாத்தான் கேக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். டீ ஊற்றிக்கொண்டிருந்த தங்கையும் சிரித்தாள். மாட்டிக்கொண்டவன் ஏமாற்றுக்காரன்தானே, நிற்கட்டும் என்று நினைத்தாள்.

ஒரு வாரம் போனது. மெயில் வரவில்லை.

காலையில் அம்மாவுக்குப் பல் துலக்கிவிட்டதும் பார்ப்பாள். மதியம் சாப்பாடு ஊட்டியதும் பார்ப்பாள். அவளைவிட அம்மாதான் அதிகம் கேட்டாள். “வந்துதா கண்ணு?” இல்லை என்றால், “வரும், வரும். நல்லது மெதுவாத்தான் வரும்,” என்பாள்.

அண்ணனும் ஆறுதல் சொன்னான். “அரசாங்க வேலை மாதிரிதான் பூச்சி அங்கேயும். ஒரு கையெழுத்துக்கு நாலு மேசை சுத்தும்.” அதைச் சொன்னபோது அவள் தலையில் லேசாகத் தட்டினான். அப்படி அவன் தட்டி வருடங்கள் ஆகியிருந்தன.

பெட்டி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அண்ணன் மேல் வரவில்லை. பெட்டி மேல்தான் வந்தது. விடுதியில் உடனிருந்த தோழியை ஒரு மெயில் அனுப்பச் சொன்னாள். பத்து நிமிடத்தில் வந்தது. “வந்துச்சா லூசு? வேலை கிடைச்சா எனக்கு ஒரு புடவை,” என்று இருந்தது. ஆக, பெட்டியில் பழுதில்லை. அண்ணன் செய்த பொருளைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கப்பட்டாள். அன்று சாயங்காலம் அவனுக்கு டீயில் கூடுதலாக ஒரு கரண்டி பால் விட்டாள்.

ஒன்பதாம் நாள் மதியம், அம்மாவை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்குத் திருப்பும்போது ஜன்னலில் இருந்த கைபேசி அடித்தது. தெரியாத எண். அவளுடைய இரண்டு கைகளும் அம்மாவின் முதுகுக்கு அடியில் இருந்தன. எடுத்தால் பேச வேண்டும். யார் என்று கேட்க வேண்டும். 

“விடு கண்ணு,” என்றாள் அம்மா. “கடன் வேணுமான்னு கேக்கறவனா இருப்பான். தெரியாத நம்பரை நீ என்னிக்கு எடுத்திருக்கே?”

மணி நின்றது. சற்று நேரத்தில் இன்னொரு முறை அடித்தது. அதற்குள் அவள் கை காலியாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். அதுவும் நின்றது.

மூன்றாவது வாரம் முடிந்தபோது அவள் ஆய்வகத்தைக் கூப்பிட முடிவு செய்தாள். என்ன பேசுவது என்று இரண்டு நாள் யோசித்தாள். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தாள். வணக்கம், நான் நேர்காணலுக்கு வந்திருந்தேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. கடைசியில் மொட்டை மாடிக்குப் போய், காயப்போட்டிருந்த இரண்டு ஈரப் போர்வைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு எண்ணை அழுத்தினாள். எடுத்தவன் அலுவலக ஊழியன். அவன் குரலில் நல்ல உற்சாகம்.

“நீங்கதானா அது! எங்கம்மா போயிருந்தீங்க? உங்களைத் தேடாத இடமில்ல.”

“மெயில்… வரல…”

“வரலையா? ரெண்டு தடவை அனுப்பினோம். ஒவ்வொரு தடவையும் அஞ்சு நாள் முட்டிப் பார்த்துட்டுத் திரும்பி வந்துச்சு. உங்க மெயில் சர்வரை யாரும்மா வெச்சிருக்கிறது? ஒரு எழுத்துக்கு ஒரு நொடி பதில் சொல்லுது! எங்க கம்ப்யூட்டர்காரன் எங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான். ஒரே சிரிப்பு. போனும் பண்ணினோம், ரெண்டு வாட்டி. நீங்க எடுக்கல.”

“இப்ப நான் சம்மதம்னு…”

“இப்பவா? முந்தாநாள்தான் அடுத்த பேர்ல இருந்த பையன் வந்து சேர்ந்துட்டான். மேடம்தான் ரொம்ப வருத்தப்பட்டாங்க. அந்தப் பொண்ணுக்குப் பதில் போடற மரியாதைகூட இல்லையான்னு.”

“நன்றிங்க,” என்றாள். சற்றுப் பொறுத்து மறுபடியும், “நன்றிங்க,” என்றாள். அவன் அதற்குள் வைத்துவிட்டிருந்தான்.

போர்வைகளுக்கு நடுவிலேயே நின்றாள். ஆய்வகத்தின் முதல் மெயில், நேர்காணலுக்குக் கூப்பிட்டது, தடையில்லாமல் வந்தது. அப்படியானால் பெட்டிக்கு அவர்கள் தெரிந்தவர்கள். தெரிந்தவர்களை அது தானாகத் தார்க்குழியில் தள்ளாது. கையால் பெயரை எழுதிப் போட்டால்தான் உண்டு. அந்தப் பெட்டிக்குள் எழுதத் தெரிந்த கை வீட்டில் ஒன்றுதான். சோதனைக்கூடத்தில் ஒரு கரைசல் நிறம் மாறுகிற மாதிரி இருந்தது. ஒரு சொட்டுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. ஒரு சொட்டுக்குப் பின்னால் எல்லாம் சிவப்பு.

கீழே இறங்கி வந்து அம்மாவுக்குத் துணி மாற்றினாள். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன கண்ணு?” என்றாள். “ஒண்ணுமில்லம்மா,” என்றாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். எண்ணைச் சொன்னான். வழக்கம்போல அம்மாவின் அறைக்கு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். தங்கை அம்மாவைச் சுவர்ப் பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

“அண்ணா, அந்த ஆய்வகத்தைத் தார்க்குழில போட்டது நீயா?”

“ஆமா,” என்றான் அவன்.

பொய் சொல்லுவான் என்று நினைத்திருந்தாள். அதற்கான கேள்விகளைத்தான் அவள் தயார் செய்து வைத்திருந்தாள்.

“ஏன்?”

“முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ. நான் உன் மெயிலைப் படிக்கல. அழிக்கல. வேண்டாம்னு சொல்லல. கொஞ்சம் பொறுங்கன்னுதான் பெட்டி சொல்லிச்சு. அவங்களுக்குப் பொறுமை இல்லைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?”

“வேலை போயிடுச்சு அண்ணா.”

“ஒரு போன் பண்ணியிருந்தா முதல் வாரமே கிடைச்சிருக்கும். அவங்க பண்ணின போனை எடுத்திருந்தாலும் கிடைச்சிருக்கும். நான் ஒரு கதவைத்தான் மெதுவாக்கினேன். இன்னொரு கதவு தொறந்துதான் கிடந்துச்சு. நீ போகல. போக மாட்டேன்னு எனக்குத் தெரியும், அது வேற.”

சத்தம் கேட்டு அண்ணி வந்து நிலைக்கதவில் சாய்ந்தாள். கையில் பாதி நறுக்கிய வெங்காயம் இருந்தது.

“அடேங்கப்பா. பூச்சிக்கு வாய் வந்துடுச்சு.”

“உங்களுக்கும் தெரியுமா அண்ணி?”

“இந்த வீட்டுல எனக்குத் தெரியாம என்ன நடக்கும்? நீ போனா நான்தானே வேலையை விடணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான்தானே புரட்டணும். எனக்கு அதெல்லாம் வராதும்மா. நான் ஒளிச்சுப் பேசல.”

தங்கை எழுந்து வெளியே போனாள். வாசலுக்கு வந்து, செருப்பு அலமாரியின் மேல் இருந்த பெட்டியின் மின்கம்பியில் கை வைத்தாள். பின்னாலேயே ஓடிவந்த அண்ணனின் குரலில் முதல்முறையாகப் பதற்றம் இருந்தது.

“ஏய், அதை உருவிடாத! நானூத்தி நாப்பது நாள்! ஒழுங்கா நிறுத்தாம உருவினா டிஸ்க் போயிடும்!”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். தன் வேலை போனதைச் சொன்னபோது இந்த முகம் இவனுக்கு வரவில்லை என்பதை நிதானமாகக் கவனித்தாள். உருவி ஆகப்போவது ஒன்றுமில்லை. கையை எடுத்துவிட்டு அறைக்குத் திரும்பினாள். அம்மா சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள்.

“நான் போறேன்,” என்றாள் தங்கை. அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. “நாளைக்கே போறேன். தோழி வீட்டுல தங்கிக்கிட்டு வேற வேலை தேடிக்கறேன். அம்மாவுக்கு ஒரு ஆளை வைங்க. எப்படிப் புரட்டணும்னு நான் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்.”

“போயிடுவியா நீ?” என்றாள் அண்ணி. “டிக்கெட் கவுன்ட்டர்ல எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்லுவ? அங்கேயும் போய்த் தூணுக்குப் பின்னால நின்னுக்குவியா?”

“நின்னாலும் நின்னுக்கறேன். இந்த வீட்டுல அம்மா ஒருத்திதான் என்னைப் போன்னு சொன்னா. அவளுக்காகத்தான் இவ்வளவு நாள் இருந்தேன். அவ சொன்னதுக்காகவே போறேன்.”

 அண்ணன் அம்மாவின் முதுகைப் பார்த்தான். அண்ணி அண்ணனைப் பார்த்தாள். பிறகு, கையிலிருந்த வெங்காயத்தை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

“ஏங்க, எல்லாத்தையும் உங்க தலையிலேயே போட்டுக்கிட்டு நிப்பீங்களா? வாயைத் தொறங்களேன்.”

“நீ சும்மா இரு,” என்றான் அண்ணன்.

“நான் ஏன் சும்மா இருக்கணும்? அத்தை, உங்களைத்தான். உங்க புள்ளை இன்னும் எத்தனை நாளைக்கு இவகிட்டத் திட்டு வாங்கணும்? காது நல்லாத்தானே கேக்குது?”

“என்ன சொல்றீங்க?” என்றாள் தங்கை.

அம்மாவின் தோள் அசைந்தது. திரும்ப முயன்றாள். முடியவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்து, மூச்சு வாங்கி, விட்டுவிட்டாள்.

“என்னைத் திருப்பு,” என்றாள்.

தங்கை குனிந்தாள். ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் மற்றதை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, தோல் உரசாமல், மெல்லத் தன் பக்கம் திருப்பினாள். தலையணையைச் சரி செய்தாள். முட்டிகளுக்கு நடுவில் மடித்த துணியை வைத்தாள். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி நல்ல பலமாக இருந்தது.

“அவனைத் திட்டாத கண்ணு. அவன் மாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் போடச் சொன்னேன்.”